ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்: மவுண்ட் தேர்வு பற்றி முதன்முறை மாட்டுகிறவர்களுக்கு

துப்பாக்கியில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டப் போகிறவர் பெரும்பாலும் யோசனை முழுவதையும் ஸ்கோப்பிலேயே செலவழித்து விடுகிறார். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், முகப்பு லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், குறுக்குக்கோட்டில் விளக்கு எரியுமா என்று ஒரு மாதம் விசாரிப்பார். அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கிற இரண்டு வளையங்களை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கி வந்து விடுவார். அப்புறம் குறி இன்று இடப்பக்கம், நாளை மேலே என்று அலையும். திட்டு விழுவது ஸ்கோப்புக்கு.

வளையத்தின் வேலையைப் புரிந்துகொள்ள இரண்டு கோடுகளை மனதில் வையுங்கள். குழல் ஒரு கோடு. ஸ்கோப்பின் பார்வை இன்னொரு கோடு. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எந்தச் சாய்வில் இருக்கின்றனவோ அந்தச் சாய்வு ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் அப்படியே இருக்க வேண்டும். மவுண்ட் என்று விற்கப்படுகிற எல்லாமே இதற்காகத்தான்.

எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் மேலேறினால், அதாவது ஜெராக்ஸ் தாளின் கனம் அளவு நகர்ந்தால், பார்வைக்கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்கிறது. 25 மீட்டர் தள்ளி வைத்த அட்டையில் அது 25 மில்லிமீட்டர். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். ஸ்கோப்பில் எவ்வளவு உயர்ந்த கண்ணாடி இருந்தாலும் இந்தச் சாய்வை அதனால் சரிசெய்ய முடியாது.

இங்கே மதுரைப் பக்கம் எந்தத் துப்பாக்கி?

"வேட்டைத் துப்பாக்கிக்கு எந்த மவுண்ட்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வேட்டை ரைபிளுக்கான மவுண்ட் சாமான்கள் அமெரிக்கா, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா மாதிரி வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளை வைத்து வளர்ந்தவை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் மூடிவிட்டது. நத்தம், பேரையூர்ப் பக்கத் தோட்டங்களில் காட்டுப்பன்றி கடலைச் செடியைக் கிளறிப் போட்டாலும் சொல்ல வேண்டியது வனத்துறையிடம்தான். அரிட்டாப்பட்டி மலையில் வட்டமிடும் ராஜாளியையோ சாமநத்தம் கண்மாய்ப் பறவைகளையோ ஏர் கன்னால் குறிவைப்பதும் விளையாட்டுக் கணக்கில் சேராது, குற்றம்தான்.

ஆகவே இங்கே ஸ்கோப் மாட்டுகிற பெரும்பாலோர் கையில் இருப்பது 0.177 அங்குல (4.5 மில்லிமீட்டர்) ஏர் ரைபிள், காற்றின் விசையில் சுடுவது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ பின்னால் கெட்டியான தடுப்பு வைத்து அட்டையைச் சுடுவதற்கு அது போதும். இனி வரும் விளக்கத்தை நான் ஏர் ரைபிளை முன்வைத்தே சொல்கிறேன். வெடிமருந்து ரைபிளுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். ஏனென்றால் மாறும் இடங்கள் சில உண்டு. அதில் ஒன்று கிட்டத்தட்டத் தலைகீழ்.

உரிமத்தோடு வீட்டில் இருக்கிற பழைய 12 போர் இரட்டைக்குழலுக்கு ஸ்கோப் வேண்டியதே இல்லை. இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஆசை வரலாம். பழைய லீ என்ஃபீல்டு வடிவில் செய்யப்பட்ட துப்பாக்கி அது. முதுகில் தட்டையாக மவுண்ட் உட்காரும் இடம் கிடையாது. துளை போட்டு மரை வெட்ட வேண்டும். அந்த வேலையை லேத் பட்டறையில் தெரிந்த பையனிடம் கொடுக்காதீர்கள். துப்பாக்கியில் மாற்றம் செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆயுதச் சட்டத்தில் தனி உரிமம் இருக்கிறது. அது உள்ளவர்தான் கை வைக்கலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஒலிம்பிக் முறை 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குப் பயிற்சி எடுப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் ஸ்கோப்பே வாங்க வேண்டாம். அந்தப் போட்டியில் சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் துளைப் பார்வைதான். தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. ஸ்கோப்புக்கு வைத்திருக்கும் காசு பெல்லட்டுக்கு, அதாவது ஏர் ரைபிளில் போடும் குண்டுக்கு, ஆகும்.

முதுகைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன்பு துப்பாக்கியின் மேல்பக்கத்தைப் பாருங்கள். ஸ்கோப் உட்காரும் இடத்தை ரெயில் என்பார்கள். அது பொதுவாக இரண்டு விதத்தில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று டவ்டெயில். இரும்பின் மேற்பரப்பில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குறுக்கே வெட்டு எதுவும் இருக்காது. ஏர் ரைபிளிலும் .22 ரைபிளிலும் இதுதான் அதிகம். "11 மில்லிமீட்டர்" என்று பெயர் சொல்வார்களே தவிர, அளந்து பார்த்தால் 9.5 மில்லிமீட்டரிலிருந்து 13-14 வரை எதுவும் வரும். பள்ளத்தின் சரிவும் ஒரே கோணமாக இராது. 45 பாகையும் உண்டு, 60 பாகையும் உண்டு. கோணம் பொருந்தாத வளையம் விளிம்பில் மட்டும் கவ்வும். இறுக்கும்போது இறுகியது போலத்தான் தெரியும். நூறு பெல்லட் போனதும் ரெயிலில் கீறலோடு பின்னால் நகர்ந்திருக்கும். வெர்னியர் வைத்து மேல் அகலத்தை அளந்து, அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள்.

மற்றது குறுக்கு வெட்டு உள்ள ரெயில். இதிலும் இரண்டு சாதி. வீவர் என்பது பழையது, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து எல் பாசோவில் ஸ்கோப் செய்த வில்லியம் வீவரின் பெயரில் வந்தது. அதன் வெட்டு அகலம் 4.57 மில்லிமீட்டர், வெட்டுகளுக்கு இடையே ஒரே சீரான இடைவெளி கிடையாது. பிக்கட்டினி என்பது 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்தியது. நியூ ஜெர்சியில் உள்ள பிக்கட்டினி ஆயுதச்சாலையின் பெயர். வெட்டு அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு வெட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். வளையத்தின் அடியில் இந்த வெட்டுக்குள் இறங்க ஒரு குறுக்குத்தண்டு இருக்கும். ஆகவே மெல்லிய குறுக்குத்தண்டு உள்ள வீவர் வளையம் பிக்கட்டினி ரெயிலில் உட்காரும். பிக்கட்டினி வளையம் வீவர் வெட்டுக்குள் நுழையாமல் போகலாம். விளம்பரத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், வளையத்தின் குறுக்குத்தண்டு எவ்வளவு கனம் என்று அளந்து கேளுங்கள்.

வெளிநாட்டு வேட்டை ரைபிள்களில் தனக்கென்று ஒரு ரெயில் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. செக் நாட்டு சிஇசட் 550க்கு 19 மில்லிமீட்டர் டவ்டெயில், சிஇசட் 527க்கு 16. ரூகர் ரைபிள் பலவற்றில் அவர்களுடைய வளையம்தான் நேராக உட்காரும். அந்த வகை கையில் இருந்தால் தேர்வு செய்ய அதிகம் இல்லை; கம்பெனி சொல்வதை வாங்க வேண்டியதுதான்.

டவ்டெயிலை பிக்கட்டினியாக மாற்றித் தரும் இடைத்துண்டுகள் விற்கிறார்கள். எனக்கு அவற்றின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்பு வருகிறது; தளர்வதற்கு இரண்டு இடம். டவ்டெயில் இருந்தால் டவ்டெயில் வளையமே வாங்குவது நல்லது.

ஸ்பிரிங் துப்பாக்கியின் முரண்டு

புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது.

வெடிமருந்து ரைபிள் சுட்டதும் பின்னால் உதைக்கும். ஸ்கோப் கனமான பொருள். துப்பாக்கி பின்னால் பாயும்போது அது இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். துப்பாக்கியின் கண்ணோட்டத்தில் ஸ்கோப் முன்னால் வழுக்க முயல்கிறது. அதனால்தான் பிக்கட்டினி ரெயிலில் வளையத்தை மாட்டும்போது குறுக்குத்தண்டை வெட்டின் முன்சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்து இறுக்கச் சொல்வார்கள். உதையை வாங்குவது அந்தச் சுவர்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் நடப்பது வேறு. விசையை இழுத்ததும் உள்ளே இருக்கிற பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி சற்றுப் பின்னால் வருகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி மொத்தமும் வெடுக்கென்று முன்னால் இழுபடுகிறது. இந்த இரண்டாவது இழுப்புதான் கொடுமையானது. ஸ்கோப் பின்தங்குகிறது, வளையத்தை ரெயிலில் பின்னோக்கி வழுக்க வைக்கிறது. ஆகவே ஸ்பிரிங் துப்பாக்கியில் தடை பின்பக்கம் வேண்டும். ரெயிலில் சின்னத் துளைகள் இருந்தால், அடியில் முள் வைத்த மவுண்ட் வாங்கி முள்ளை அந்தத் துளையில் இறக்குங்கள். துளை இல்லையென்றால் பின் வளையத்துக்குப் பின்னால் தனியாக ஒரு தடைக்கட்டை மாட்டலாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிக்கட்டினி ரெயில் இருந்தால் குறுக்குத்தண்டைப் பின்சுவரோடு ஒட்டி வையுங்கள். வேட்டை ரைபிளுக்காக எழுதிய குறிப்பைப் படித்து அப்படியே செய்தால் இந்த இடத்தில் தலைகீழாகி விடும்.

இதே முன்னிழுப்புதான் சில ஸ்கோப்புகளின் உள்ளே லென்ஸையும் குறுக்குக்கோட்டையும் தளர்த்தி விடுகிறது. பெரிய ரைபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப், சின்ன ஏர் ரைபிளில் உடைவது அதனால்தான். அது பின்னுதையை மட்டும் எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. பெட்டியில் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடும் பிசிபி துப்பாக்கியில் இந்த முரண்டு கிடையாது. உதையே பேருக்குத்தான். அதற்குச் சாதாரண வளையம் போதும்.

வளையத்தின் விட்டம்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்கோப்பின் நடுக்குழாய் 25.4 மில்லிமீட்டர் என்றால், அதாவது ஒரு அங்குலம் என்றால், அங்குல வளையம். 30 என்றால் 30. 34 என்றால் 34. 30 வளையத்துக்குள் அங்குலக் குழாயை வைக்கப் பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்கள். அவசரத்துக்கு ஓடும், வாங்கும்போதே அப்படி வாங்க வேண்டாம்.

தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முகப்பு லென்ஸும் உருப்பெருக்கமும்தான். 40 மில்லிமீட்டர் லென்ஸை 4 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 10 மில்லிமீட்டர் அகலம். இருட்டில்கூட நம் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர்தான் விரியும். தடித்த குழாயால் பொதுவாகக் கிடைப்பது உள்ளே மேலும் கீழும் திருப்பிச் சரிசெய்ய அதிக இடம்.

உயரம்

தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று மூன்று பெயரில் வளையங்கள் வரும். ஒரு கம்பெனியின் நடுத்தரம் இன்னொரு கம்பெனியின் தாழ்வாக இருக்கும். சிலர் வளையத்தின் அடிவளைவு வரை அளக்கிறார்கள், சிலர் நடுப்புள்ளி வரை. ஆகவே பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள், எங்கிருந்து எங்கே அளந்தது என்றும் கேளுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 40 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஸ்கோப்பின் முன்மணி, அதாவது முகப்பு லென்ஸ் இருக்கும் விரிந்த பாகம், வெளிப்புறத்தில் 47 மில்லிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி 23.5. நடுக்குழாய் அங்குலம்; அதில் பாதி 12.7. ஆக முன்மணி நடுக்குழாயைவிட 10.8 மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது. மணி வந்து நிற்கும் இடத்தில் குழல், ரெயிலின் மேற்பரப்பைவிட 3 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கிறது என்றால் தேவை 7.8. ஒட்டாமல் இருக்க 2 மில்லிமீட்டர் விடுங்கள். ரெயிலிலிருந்து வளையத்தின் அடிவளைவு வரை 10 மில்லிமீட்டர் உள்ள வளையம் உங்களுக்குச் சரி. லென்ஸுக்கு மூடி போடுவீர்கள் என்றால் அதன் கனத்தையும் சேருங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால் இந்தக் கணக்கு அப்படியே 5 மில்லிமீட்டர் ஏறிவிடும்.

முன்மணி மட்டும் இடிக்கிற இடம் இல்லை. போல்ட் ரைபிளில் போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது அது ஸ்கோப்பின் கண்பக்கத்தில் முட்டக்கூடும். பழைய மவுசர் 98 வகையில் இது தெரிந்த தொல்லை, கைப்பிடி 90 பாகை எழும்பும். பிசிபி துப்பாக்கியில் மேகசின் மேலே எட்டிப் பார்க்கும். ஸ்கோப் அதன் மேல் உட்கார்ந்தால் மேகசினை எடுக்கவே முடியாது. இவற்றுக்கு உயர வளையம்தான் வழி.

இத்தனையும் பார்த்த பிறகு "முடிந்தவரை தாழ்வாக மாட்டு" என்ற பழைய அறிவுரைக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது; பார்வைக்கோடு குழலுக்கு நெருக்கமாக இருந்தால் துப்பாக்கி லேசாகச் சாய்ந்தாலும் பிழை குறைவு. ஆனால் நான் அதைவிடக் கன்னத்தைத்தான் நம்புவேன். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தை ஸ்டாக்கில், அதாவது துப்பாக்கியின் கட்டையில், இயல்பாகச் சாயுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிய வேண்டும். தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் வளையம் உங்களுக்கு உயரம். கன்னத்தை அழுத்தி நசுக்க வேண்டியிருந்தால் தாழ்வு. ஒவ்வொரு முறையும் கன்னம் ஒரே இடத்தில் உட்காராவிட்டால் கண் லென்ஸின் நடுவை விட்டு விலகும், குறியும் விலகும். பதின்ம வயதுப் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே வளையம் ஒத்துவராமல் போவது இதனால்தான்.

ஒற்றைத் துண்டா, இரட்டையா?

இரண்டு தனி வளையங்கள் எடை குறைவு, விலை குறைவு, ஸ்கோப்பின் நீளத்துக்கு ஏற்றபடி முன்பின் நகர்த்தி வைக்கலாம். ஒரே அடித்தளத்தில் இரண்டு வளையமும் சேர்ந்த ஒற்றைத் துண்டு ரெயிலை அதிக நீளத்தில் கவ்வும், இரண்டு வளையமும் பிறப்பிலேயே ஒரே கோட்டில் இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு யோசிக்காமல் ஒற்றைத் துண்டு வாங்கலாம். மற்றவற்றுக்கு நல்ல தரமான இரட்டை வளையம் போதும். மேல்மூடியில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்குரூ உள்ளதை எடுங்கள். சட்டென்று கழற்றி மாட்டும் நெம்புகோல் வகை, அடிக்கடி ஸ்கோப்பை எடுத்துவிட்டுத் திறந்த பார்வையில் சுடும் வேட்டைக்காரர்களுக்கானது. தோட்டத்தில் அட்டை சுடுகிறவருக்கு அது வீண் செலவு.

குழல் கீழே பார்க்கும்போது

குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து வைக்கும் ஏர் ரைபிள்களில் குழல் மூடிய நிலையிலும் ரெயிலைவிட லேசாகக் கீழே பார்த்தபடி நிற்பது உண்டு. ஜெர்மனியின் டயானா 34 இதற்குப் பேர் போனது. திறந்த பார்வையில் சுடும்போது இது தெரியவே தெரியாது. அந்தப் பார்வை குழலோடு சேர்ந்தே இருக்கிறது. ரெயிலில் ஸ்கோப் மாட்டியதும் பெல்லட் குறிக்குக் கீழே விழும். ஸ்கோப்பின் தலையில் கிளிக் கிளிக்கென்று திரும்பும் மேல்திருகை மேலே மேலே திருப்பிக்கொண்டே போவீர்கள், ஒரு கட்டத்தில் அது முட்டி நிற்கும். முட்டும் எல்லைக்கு அருகில் ஸ்கோப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதன் உட்குழாயைச் சரியாக அழுத்திப் பிடிப்பதில்லை. அங்கே வைத்துச் சுடும் ஸ்கோப் கிளிக் சொன்ன பேச்சைக் கேட்காது.

சோதிக்க எளிய வழி உண்டு. திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்பிக் கிளிக்குகளை எண்ணுங்கள். பாதியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கிருந்து சுட்டுக் குறிக்குக் கொண்டுவர எத்தனை கிளிக் ஆகிறது என்று பாருங்கள். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர், 25 மீட்டரில் சுமார் 1.8 மில்லிமீட்டர் நகர்த்தும். மேல்பக்கம் இருக்கும் கிளிக்கில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது என்றால் பிரச்சினை சாய்வில்தான்.

கொஞ்சம் சாய்வு என்றால் பின் வளையத்தின் அடிவளைவில் குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகட்டை வைக்கலாம். அது ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், முதலில் போட்ட கணக்குப்படி 25 மீட்டரில் 25 மில்லிமீட்டர் ஏற்றிக் கொடுக்கும். ஒன்றோ இரண்டோ பட்டைக்கு மேல் வேண்டாம், ஸ்கோப்பின் குழாய் வளையத் தொடங்கும். அதற்கு மேல் சாய்வு இருந்தால் பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்ட், அல்லது உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் மவுண்ட் வாங்குங்கள். தொலைதூர வேட்டை ரைபிள்களில் 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ரெயில் வைப்பதும் இதே காரியம்தான். அங்கே அது தூரத்தில் குண்டு தாழ்வதை ஈடுகட்ட.

மாட்டும் முறை

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி இழுத்து வைத்த நிலையில் இருக்கக் கூடாது.

ரெயிலையும் வளையத்தின் உட்பக்கத்தையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அங்கே இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். வளையங்களை ரெயிலில் பிடித்து இறுக்கிவிட்டு, ஸ்கோப்பை அடிவளைவில் வெறுமனே வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்து உட்கார்ந்தால் நல்லது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் இரண்டு வளையமும் ஒரே கோட்டில் இல்லை. விலை குறைந்த வளையத்தில் இது சகஜம். நேரான இரும்புத் தண்டில் உலோகம் தேய்க்கும் பசை தடவி உள்பக்கத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம், கே.புதூர் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் ஒரு லேத் பட்டறையில் 25.4 மில்லிமீட்டருக்குத் தண்டு கடைந்து கொடுத்துவிடுவார்கள். துப்பாக்கியை எடுத்துப் போக வேண்டாம், வளையத்துக்கும் தண்டுக்கும் மட்டும்தான் அங்கே வேலை. இருந்தாலும் இவ்வளவு பாடு படுவதற்கு முன்பே கொஞ்சம் அதிகம் கொடுத்து நல்ல வளையம் வாங்குவதுதான் லாபம்.

மேல்மூடிகளைப் போட்டு, ஸ்கோப் முன்பின் நகரும் அளவுக்கு லேசாக மட்டும் பிடியுங்கள். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு முழு வட்டம் தெரியும்வரை நகர்த்துங்கள். உச்சத்தில் சரியாக வந்தால் மற்ற மடங்குகளிலும் வரும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே பெரும்பாலான ஸ்கோப்புகளில் 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். வெடிமருந்து ரைபிளில் இதைக் குறைத்து வைத்தால் உதையில் கண்பக்க விளிம்பு புருவத்தில் பிறை போட்டுவிடும். வெளிநாட்டுக் குறிப்புகளில் கனத்த குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள் என்று இருக்கும். அதெல்லாம் நமக்கு எதற்கு. பனியனோடு பார்த்தால் போதும்.

அடுத்தது நேர். துப்பாக்கியை மெத்தென்ற துணியில் நிறுத்தி, ரெயிலின் குறுக்கே சின்ன ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். 15-20 மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள், கொத்தனார் வைத்திருப்பதுதான். ஸ்கோப்பைச் சுழற்றி, நிற்கும் கோட்டை அந்த நூலோடு ஒன்றச் செய்யுங்கள். கோடு சாய்ந்திருந்தால் ஒரு தூரத்தில் சரியாக வைத்த குறி, அடுத்த தூரத்தில் பக்கவாட்டில் விலகும்.

இனி இறுக்கம். கார் சக்கர நட்டு மாதிரி குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொரு ஸ்குரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் ஸ்கோப் சுழன்று, நேர் பார்த்ததெல்லாம் வீணாகும். மேல்மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். மூடி ஸ்குரூவுக்குப் பல கம்பெனிகள் சொல்வது 15 முதல் 18 இன்ச் பவுண்ட், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். உங்கள் வளையத்தோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. இது சின்ன விசை. கை பலத்தில் நாம் இதை எளிதாகத் தாண்டி விடுவோம். அலுமினியக் குழாய் நசுங்கி, உள்ளே உருப்பெருக்க வளையம் திருகவே வராது. விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்குரூடிரைவர் இல்லையென்றால் ஆலன் கீயின் குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள், அதோடு நிறுத்துங்கள். கார்பன் சைக்கிள் ஓட்டும் நண்பர் இருந்தால் அவரிடம் சின்ன டார்க் ரெஞ்ச் இருக்க வாய்ப்புண்டு.

ஸ்குரூ தளராமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசை போடலாமா? ரெயிலைத் துப்பாக்கியோடு பிடிக்கும் அடி ஸ்குரூவுக்கு நீல நிறத்தது ஒரு சொட்டு போடலாம். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழறாது. மூடி ஸ்குரூவுக்குப் போடுவதில்லை. பசை ஈரமாக மரையில் வழுக்கும்போது அதே விசைக்கு ஸ்குரூ கூடுதலாக இறங்கும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சித்திரை மாத மதியத்தில் பூட்டிய காருக்குள் கிடந்த துப்பாக்கியை எடுத்ததும் குறி பார்த்து வைக்காதீர்கள். நிழலில் அரைமணி நேரம் கிடக்கட்டும். துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டுப் போவதே தப்பு என்பது தனிக்கதை.

குறி ஓடினால் எங்கே தேடுவது?

மாட்டி முடித்ததும் வளையத்துக்கும் ரெயிலுக்கும் குறுக்கே, வளையத்துக்கும் ஸ்கோப் குழாய்க்கும் குறுக்கே மெல்லிய மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். நூறு, இருநூறு பெல்லட் போனதும் கோடுகளைப் பாருங்கள். ரெயில் கோடு உடைந்திருந்தால் தடை போதவில்லை. குழாய்க் கோடு உடைந்திருந்தால் மூடி இறுக்கம் குறைவு, அல்லது உள்ளே எண்ணெய்.

கோடுகள் நேராக இருந்தும் குறி ஓடினால் ஸ்டாக் ஸ்குரூக்களைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் அவைதான் அடிக்கடி தளரும், முன்பக்கம் இருபுறமும் உள்ள இரண்டும் முதலில். மடக்குத் துப்பாக்கியில் குழலின் கீல் ஆட்டம் கொடுக்கிறதா என்று பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பெல்லட் கம்பெனியை மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் குறி மாறத்தான் செய்யும். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்கோப்பைச் சந்தேகப்படுங்கள். அதையும் அதே வளையத்தில் இரவல் ஸ்கோப் ஒன்றை மாட்டிச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த ஸ்கோப்பும் ஸ்பிரிங் துப்பாக்கியைத் தாங்குவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நண்பருடைய ஸ்கோப்பும் போய்விடும்.